ஊதாத் தாள்கள் நிறைந்த ஜாடி

மூன்று மாதமாக அவள் வீட்டுக்காரர் பாலைக் குறை சொல்லவில்லை. இது என்ன பெரிய விஷயம் என்று நீங்கள் நினைத்தால் அந்த மனுஷரை உங்களுக்குத் தெரியாது. இருபத்திரண்டு வருஷமாக, அடுப்பில் பால் லேசாக அடிப்பிடித்தால் போதும், குளியலறைக்குள்ளிருந்தே குரல் வரும்: "என்னம்மா, தீயணைப்புக்குப் போன் பண்ணட்டுமா?" துண்டு அரைகுறையாகக் காய்ந்திருந்தால் தெரியும். நேற்றைய பாலை இன்றைய பாலோடு சேர்த்திருந்தால் தெரியும். அவர் மூக்குக்குத் தப்பி அந்த வீட்டில் ஒரு கடுகு கருக முடியாது.

அப்படிப்பட்டவர் மூன்று மாதமாகக் கிளாஸைக் கையில் வாங்குவதும், குடிப்பதும், "அருமை" என்பதும்! போன வாரம் அவள் போனில் அக்காவோடு பேசிக்கொண்டே பாலை மறந்துவிட்டாள். பாத்திரத்தின் அடியில் கருப்பாக ஒரு வட்டம். பயந்துகொண்டே கொடுத்தாள். "அருமை" என்றார். அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. உடனே மறுபடி அக்காவுக்குப் போன். "அக்கா, இவர் திருந்திட்டாருக்கா. இத்தனை வருஷத்துக்கு அப்புறம் பொண்டாட்டி மேல பாசம் வந்துடுச்சு."

"காய்ச்சல் ஏதாச்சும் இருக்கான்னு பாருடி" என்றாள் அக்கா. அக்காமார்கள் இப்படித்தான். அப்போது அவள் சிரித்தாள்.

இரண்டு பேருக்கும் ஒரே தொழிற்சாலையில் வேலை. ராணுவ ரைபிள் தோட்டாக்களுக்கு மருந்து செய்கிற இடம். மருந்து என்றால் காய்ச்சலுக்குக் கொடுக்கிற சமாசாரம் அல்ல. தோட்டாவுக்குள் உட்கார்ந்திருந்து, தீப்பட்டதும் எரிந்து, அந்த ஆவியின் வேகத்தில் குண்டை முன்னால் தள்ளுகிற மருந்து. சாம்பிள் ஜாடிகள் வைக்கிற மாதிரி அறைக்கு அவர்தான் பொறுப்பு. ஒரே தடவையில் செய்து எடுக்கிற சரக்குக்கு லாட் என்று பெயர். தொழிற்சாலையில் எந்த லாட் செய்தாலும் அதில் ஒரு ஜாடி அங்கே வந்துவிடும். அந்த லாட்டில் செய்த தோட்டா ஏதாவது ஒரு கிடங்கில் ஒரு பெட்டி மிச்சம் இருக்கிறவரைக்கும் ஜாடியும் அலமாரியில் இருக்க வேண்டும். ஜாடி கெட்டால் எங்கோ இருக்கிற பெட்டிகளும் கெடப்போகின்றன என்று அர்த்தம். மாதம் ஒருமுறை ஒவ்வொரு ஜாடியையும் திறந்து மோந்து பார்த்து ரிஜிஸ்டரில் எழுதுவது அவர் வேலை. நல்ல மருந்துக்கு ஊசி போடுவதற்கு முன்னால் தடவுகிற பஞ்சின் வாசனை இருக்கும். கெடத் தொடங்கினால் புளித்த நெடி வரும். நல்லதையும் கெட்டதையும் மூடி முழுசாகத் திறப்பதற்குள் சொல்லிவிடுவார். அதனால் தொழிற்சாலை முழுக்க அவருக்கு மூக்கர் என்றுதான் பெயர். சம்பளச் சீட்டைத் தவிர வேறு எங்கும் அவருடைய சொந்தப் பெயர் புழக்கத்தில் இல்லை.

அவளுக்கும் ஒரு பெயர் உண்டு: அடுப்பம்மா. மாதிரி அறைக்கு அடுத்த அறையில் சூட்டுச் சோதனை அடுப்பு இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு லாட்டிலும் கொஞ்சம் எடுத்து, கண்ணாடிக் குழாயில் போட்டு, மேலே ஓர் ஊதாத் தாளைத் தொங்கவிட்டுச் சூடாக்குவாள். மருந்து விடுகிற அமில ஆவி பட்டால் தாள் வெளுக்கும். அரை மணி நேரம் தாண்டியும் ஊதாவாக நின்றால் மருந்து பிழைத்தது. இதே ஊதாத் தாள் ஒவ்வொரு ஜாடிக்குள்ளும், கிடங்கில் ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒன்று எப்போதும் இருக்கும்.

இரண்டு அறைக்கும் நடுவில் சுவரில் ஒரு சின்ன ஜன்னல். ஜாடி போக வர வைத்தது. அந்த ஜன்னல் வழியாகத்தான் ஒரு காலத்தில் அவர் நாற்பத்தெட்டாம் லாட் ஜாடியை நீட்டி, "பத்திரம், புது சரக்கு" என்றார். "நீங்களா, ஜாடியா?" என்று அவள் கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அடுத்த ஆறாவது மாதம் கல்யாணம்.

தொழிற்சாலைக்கு நூறு வருஷம் ஆகிறது என்று முன்வாசல் ஹாலில் ஒரு கண்காட்சி வைக்க மேனேஜர் முடிவு செய்தார். ரைபிள் மருந்தின் சரித்திரம், ஐந்து ஜாடியில். யார் விளக்குவது என்கிற கேள்விக்கே இடமில்லை. மூக்கருக்கு வாயெல்லாம் பல். காலையில் வேலை தொடங்கியதும் ஐந்து ஜாடியையும் ஜன்னல் விளிம்பில் வரிசையாக வைத்துக்கொண்டு மனைவியிடம் ஒத்திகை ஆரம்பித்துவிட்டார்.

"வாங்க, வாங்க. முதல் ஜாடி கருமருந்து. வெடியுப்பு, கரி, கந்தகம். இவர் நம்ம பெரியப்பா மாதிரி. வந்தா வீடே புகை. சத்தம் ஜாஸ்தி, வேலை கம்மி. நூறு பேர் சேர்ந்து நாலு ரவுண்டு சுட்டா எதிரி எங்கன்னு நமக்கும் தெரியாது, நாம எங்கங்கிறது மட்டும் எதிரிக்கு நல்லாத் தெரியும். போதாக்குறைக்குத் துப்பாக்கிக் குழாயெல்லாம் கரி. பல நூறு வருஷம் இவரை வெச்சுத்தான் குடித்தனம்."

"பெரியப்பா காதுல விழப்போகுது" என்றாள் அவள்.

"விழட்டும். அப்புறம் பஞ்சு." ஜாடிக்குப் பதிலாக ஒரு கைப்பிடிப் பஞ்சை எடுத்துக் காட்டினார். "வெறும் பஞ்சுதான், பயப்படாதே. ஒரு ரசாயனக்காரர் சமையல்கட்டுல ஆசிட்டைக் கொட்டிட்டாராம். பக்கத்துல கிடந்த பொண்டாட்டியோட பருத்தி ஏப்ரனால துடைச்சு, அலசி, அடுப்புகிட்ட காயப் போட்டாராம். காய்ஞ்சதும் குப்புனு ஒரு வெளிச்சம். ஏப்ரனையே காணோம். புகையும் இல்லை. நிஜமோ பொய்யோ, இப்படி ஒரு கதை சொல்றாங்க."

"அந்தம்மாவுக்கு வேற ஏப்ரன் வாங்கிக் குடுத்தாராமா?"

"அது சரித்திரத்துல இல்ல."

"இருக்காது. எனக்குத் தெரியும்."

அவர் காதில் வாங்காத மாதிரி தொடர்ந்தார். "ஆனா இந்தப் பஞ்சு கோபக்கார மாப்பிள்ளை. எப்ப வெடிப்பார்னு தெரியாது. ஒரே மூச்சுல எரிஞ்சு துப்பாக்கிக் குழாயையே பிளந்துடும். ஆலைங்களே போயிருக்கு. அப்புறம்தான் ஈதரும் சாராயமும் ஊத்திப் பிசைஞ்சு, மாவாக்கி, தகடாத் தேய்ச்சு, துண்டு துண்டா வெட்டினாங்க. இதோ, ரெண்டாவது ஜாடி. மாவானதும் மாப்பிள்ளை அடங்கிட்டார். மேல்பக்கத்துல இருந்து வரிசையா எரிவார். புகை போச்சு, குண்டு சின்னதாச்சு, வேகம் கூடிச்சு. மூணாவது, நூல் நூலா இருக்கே, இது நாத்தனார். சூடு. குழாயோட உள்பக்கத்தையே அரிச்சுத் தின்னுடும்."

"உங்க தங்கச்சிகிட்டச் சொல்றேன்."

"சொல்லு. நாலாவது ஜாடி." இங்கே அவர் குரல் மாறிவிட்டது. "சின்னச் சின்னக் குழல். ஒவ்வொண்ணுலயும் நடுவுல ஓட்டை. வெளிப்பக்கம் எரிஞ்சு சுருங்கச் சுருங்க, உள்பக்கம் எரிஞ்சு அகலும். அதனால தள்ளுற வேகம் கடைசி வரைக்கும் ஒரே சீரா இருக்கும். இது என் பொண்டாட்டி. உள்ளயும் எரிவா, வெளியிலயும் எரிவா, ஆனா நிதானமா எரிவா."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. ஜாடியின் சீட்டைப் பார்த்தாள். நாற்பத்தெட்டு.

"இதையா வைக்கப்போறீங்க?"

"வேற எதை வைப்பேன்? அஞ்சாவது உருண்டை, பேரப்பிள்ளைங்க, உருண்டு ஓடும், எந்த மெஷின்லயும் தகராறு இல்லாம இறங்கும். ஆனா நான் ஊர் உலகத்துக்கெல்லாம் மோந்து பார்க்கக் குடுக்கப்போறது இதைத்தான்." மூடியைத் திறந்தார். மூக்கைக் கிட்டே கொண்டுபோய், கண்ணை மூடி, ஆழமாக ஓர் இழுப்பு இழுத்தார். முகத்தில் அப்படி ஒரு திருப்தி. "ஆஹா. நேத்து செஞ்ச மாதிரி இருக்கு. இந்தா, பாரு." ஜன்னல் வழியாக நீட்டினார்.

அவள் குனிந்தாள். புளித்த நெடி மூக்குக்குள் ஊசி மாதிரி ஏறியது.

நிமிர்ந்து பார்த்தால் அவர் அங்கே சிரித்துக்கொண்டே நிற்கிறார்.

அவ்வளவுதான், ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. மூன்று மாதத்துக்கு முன்னால் அவருக்கு வந்த அந்தப் பாழாய்ப்போன ஜலதோஷம். அதற்கப்புறம் வந்த "அருமை." கருகிய பாலுக்கும் அருமை, காயாத துண்டுக்கும் அருமை. பாசமும் இல்லை, திருந்தலும் இல்லை. மூக்கு போய்விட்டது. அக்கா சொன்னது போல் அவள் அப்போதே பார்த்திருக்க வேண்டும்.

"மூடுங்க" என்றாள். "மொதல்ல மூடுங்க."

"ஏன்? என்ன?"

"ஜாடியைக் குடுங்க. சோதனை பண்ணணும்."

"இதுக்கு இன்னும் நாலு மாசம் இருக்கே."

"குடுங்கன்னு சொல்றேன்ல."

அவர் முகத்திலிருந்து சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. ஜாடியைக் கொடுத்தார்.

அவள் குழாயில் போட்டு அடுப்பில் வைத்தாள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அவர் நின்றுகொண்டே இருந்தார். அரை மணி நேரம் தாங்க வேண்டிய தாள் ஏழாவது நிமிடத்தில் ஓரம் வெளுத்தது. பத்தாவது நிமிடத்தில் ஊதா என்று சொல்ல அதில் ஒன்றும் இல்லை. மருந்துக்குள் ஒரு காவல் சரக்கு கலந்திருப்பார்கள். மருந்து தானாக விடுகிற அமிலத்தை அது தின்றுகொண்டே இருக்கும். நாற்பத்தெட்டில் அந்தக் காவல் தீர்ந்துவிட்டது. இனி அமிலம் மருந்தை அரிக்கும், அரித்த மருந்து இன்னும் அமிலம் விடும், அப்படியே சூடு ஏறும், ஒருநாள் யாரும் தொடாமலே பற்றிக்கொள்ளும். ஒரு ஜாடியில் என்றால் சமாளித்துவிடலாம். கிடங்கு நிறையப் பெட்டியில் என்றால்?

அடுப்பை அணைத்துவிட்டு, கதவைச் சுற்றிக்கொண்டு மாதிரி அறைக்குப் போனாள். அவர் மேசை முன்னால் உட்கார்ந்திருந்தார். இழுப்பறை திறந்திருந்தது. உள்ளே கட்டுக் கட்டாக ஊதாத் தாள்கள். ஒவ்வொன்றிலும் பென்சிலால் லாட் எண், தேதி.

"என்ன இது?"

"ஜாடிக்குள்ள தொங்கவிட்ட தாள்."

"அதை மாசக்கணக்குல உள்ளயே விட்டுவெக்கணும். நீங்க எதுக்கு எடுத்தீங்க?"

"மூக்கு போச்சு. கண்ணாலயாவது பார்க்கலாம்னு ரொம்பப் பழைய சில ஜாடியில மட்டும் தினம் காலையில எடுத்துப் பார்த்தேன். பழசு லேசா மங்கலா இருந்தா சந்தேகம் வந்துடுச்சு. அதனால தினமும் புதுசு போட்டேன். தினமும் ஊதாவாவே இருந்துச்சு. சரி, நல்லாத்தான் இருக்குன்னு எழுதினேன்."

அவள் தலையில் கைவைத்துக்கொண்டாள். அந்தத் தாள் வெளுக்க மாதக்கணக்கில் ஜாடிக்குள்ளேயே கிடக்க வேண்டும். பயத்தில் தினம் மாற்றி மாற்றி, அது வாயைத் திறக்க விடாமலே செய்திருக்கிறார். இந்த வேலையை இவ்வளவு நன்றாகத் தெரிந்த ஆளைத் தவிர வேறு யாராலும் இப்படி ஒரு தப்பைச் செய்ய முடியாது. விஷயம் தெரியாதவன் தாளைத் தொட்டிருக்கவே மாட்டான்.

"என்கிட்டயாவது சொல்லக்கூடாதா?"

"திரும்பி வந்துடும்னு நினைச்சேன். இன்னிக்கு வரும், நாளைக்கு வரும்னு. வரலைன்னா என்ன ஆகும்னு உனக்கே தெரியுமே. மூக்கு இல்லாதவனுக்கு இந்த ரூம்ல இடமில்லை. ரூல்." ஜன்னலைப் பார்த்தார். "இருபத்திரண்டு வருஷம் உன் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டே வேலை செஞ்சாச்சு. அது இல்லாம எப்படின்னு..."

அவளுக்கு ஒரு யோசனை வந்தது. நல்ல யோசனை இல்லைதான், ஆனால் வந்துவிட்டது.

"இங்க பாருங்க" என்றாள் மெதுவாக. "நாற்பத்தெட்டு கெட்டதை நான் என் சோதனையில கண்டுபிடிச்சதா எழுதிடுறேன். அது உண்மைதானே. உங்க மூக்கைப் பத்தி யாருக்கும் தெரிய வேண்டாம். இனிமே நீங்க ஜன்னல்ல ஜாடியை நீட்டுங்க, நான் மோந்து பார்த்துத் தலையாட்டுறேன். நீங்க எழுதுங்க. யார் வந்து பார்க்கப்போறா?"

அவர் ரொம்ப நேரம் அவளையே பார்த்தார். அத்தனை பாசமாக அவர் பார்த்து அவள் பார்த்ததில்லை. ஒருவேளை பார்த்திருக்கலாம், பால் குறை கேட்கிற எரிச்சலில் கவனித்திருக்க மாட்டாள்.

"என் சரித்திரத்துல ஒண்ணு விட்டுப்போச்சு" என்றார். "அந்தப் பிசைஞ்ச மருந்து வந்த புதுசுல, துறைமுகத்துல சும்மா நின்ன போர்க்கப்பல் வெடிச்சிருக்கு. எதிரி கிடையாது, சண்டை கிடையாது. உள்ள இருந்த மருந்து கெட்டுப்போய் தானாப் பத்திக்கிச்சு. நூத்துக்கணக்குல ஆளுங்க. அந்த மருந்துக்கும் எவனாவது ஒருத்தன் 'நல்லா இருக்கு'ன்னு கையெழுத்துப் போட்டிருப்பான் இல்ல? அவனுக்கும் ஒரு பொண்டாட்டி இருந்திருப்பா."

அவள் திறந்திருந்த இழுப்பறையை மெதுவாக மூடினாள்.

"மூணு மாசம் நான் எழுதினது பூராவும் பொய். நாற்பத்தெட்டு மட்டும்தானா, வேற எது எது போச்சுன்னு எனக்கே தெரியாது. நீ நாளைக்கு லீவு போட்டா, உனக்கு ஜலதோஷம் பிடிச்சா? வேண்டாம்மா."

ரிஜிஸ்டரைத் திறந்தார். அவர் கையெழுத்து எப்போதும் எறும்பு வரிசை மாதிரி இருக்கும். அன்றைக்குக் கோணல் மாணலாக எழுதினார்: இன்ன தேதியிலிருந்து எனக்கு வாசனை தெரிவதில்லை. அன்று முதல் நான் எழுதிய எதையும் நம்ப வேண்டாம். எல்லா ஜாடியையும் மறுபடி சோதிக்கவும். கீழே சொந்தப் பெயரைப் போட்டார். மூக்கர் என்ற பெயருக்குப் பழகிப்போனவளுக்கு அதைப் படித்ததும் யாரோ மூன்றாம் மனுஷர் மாதிரி இருந்தது. அப்புறம் அழுகை வந்தது, அழுதாள். அவர் தன் துண்டை எடுத்துக் கொடுத்தார். அது சரியாகக் காயவில்லை. அவள் சொல்லவில்லை.

மேனேஜர் நல்ல மனுஷர்தான், ஆனாலும் ரூல் ரூல்தான். ரிஜிஸ்டரைப் படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டிக்கொண்டார். "இதை நீங்களா எழுதாம இருந்திருந்தா சார்..." என்று ஆரம்பித்து, மேலே சொல்லாமல் நிறுத்திக்கொண்டார். அன்று மத்தியானமே கிடங்குக்குத் தகவல் போனது. நாற்பத்தெட்டாம் லாட் பெட்டிகளைத் திறந்தபோது நான்கில் தாள் வெள்ளை வெளேரென்று கிடந்ததாம். பக்கத்துக் கட்டடத்தில்தான் காவல்காரர்கள் படுத்துத் தூங்குவார்களாம். எல்லாவற்றையும் வெட்டவெளியில் பரப்பி எரித்தார்கள். அவருக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம், மாதிரி அறையிலிருந்து மாற்றல்.

போவதற்கு முன்னால் இருநூற்றுப் பன்னிரண்டு ஜாடியையும் மறுபடி பார்க்க வேண்டும். அதற்குப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. அவர் திறந்து ஜன்னலில் நீட்டுவார். அவள் மோந்து பார்த்துச் சொல்வாள். அவர் எழுதுவார். இந்தத் தடவை ரிஜிஸ்டரில் மோந்து பார்த்தவர் என்ற இடத்தில் அவள் பெயரே இருந்தது. இன்னும் இரண்டு ஜாடி கெட்டிருந்தன. மற்றவை பிழைத்தன.

கடைசி ஜாடியை அவள் திருப்பிக் கொடுத்தபோது அவர் உடனே மூடவில்லை.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு. எழுதுங்க."

"அதில்லம்மா. வாசனை எப்படி இருக்குன்னு கேட்டேன். எனக்கு மறந்துபோயிடும் போல இருக்கு."

அவள் யோசித்தாள். பஞ்சு, ஊசி, ஆஸ்பத்திரி என்றெல்லாம் சொல்லியிருக்கலாம். "நீங்க முதல் தடவை இந்த ஜன்னல்ல ஒரு ஜாடியை நீட்டி, பத்திரம், புது சரக்குன்னு சொன்னீங்களே" என்றாள். "அப்படியே இருக்கு."

அவர் மூடியைத் திருகி இறுக்கினார்.

கண்காட்சி நடந்தது. அவர் இடம் இனிமேல் அந்த முன்வாசல் ஹால்தான். மூக்கு இல்லாவிட்டால் என்ன, வாய் இருக்கிறதே என்று மேனேஜரே சொல்லிவிட்டார். முதல் நாள் ஊழியர்களின் குடும்பங்கள் எல்லாம் வந்திருந்தன. அவள் வேலையை முடித்துவிட்டு வந்து கூட்டத்துக்குப் பின்னால் நின்றாள். பெரியப்பாவுக்கும் கோபக்கார மாப்பிள்ளைக்கும் நல்ல சிரிப்பு. நாத்தனார் வந்தபோது அவருடைய தங்கையே முன்வரிசையில் இருந்ததால் அவர் "சூடான உறவுக்காரங்க" என்று மழுப்பிவிட்டுத் தாண்டினார்.

நாலாவது ஜாடிக்கு வந்தார். சீட்டு அதேதான், நாற்பத்தெட்டு. உள்ளே மருந்து இல்லை. கழுத்து வரைக்கும் ஊதாத் தாள்களைத் திணித்து வைத்திருந்தார்.

"இதுல இருந்தது கெட்டுப்போச்சு, எரிச்சுட்டோம்" என்றார். "கெட்டது எனக்குத் தெரியல. மூக்கு போனதை மூணு மாசம் மறைச்சேன். இந்தத் தாள் அத்தனையும் எனக்கு நானே சொல்லிக்கிட்ட பொய். முன்னே இப்படிக் கெட்ட மருந்து பத்திக்கிட்டு ஒரு போர்க்கப்பலே வெடிச்சிருக்கு; அந்த மருந்துக்கு நல்லா இருக்குன்னு கையெழுத்துப் போட்டவன் யாருன்னு சரித்திரத்துல பேர் கிடையாது. இங்க இருக்கு, பார்த்துக்குங்க." ஜாடியின் சீட்டில், லாட் எண்ணுக்குக் கீழே, அவருடைய சொந்தப் பெயர் எறும்பு வரிசையாக எழுதியிருந்தது.

கூட்டத்தில் ஓர் அம்மாள் கேட்டாள்: "நல்லா இருந்தப்போ எப்படிங்க வாசம் அடிக்கும்?"

அவர் கூட்டத்துக்கு மேலே எட்டிப் பார்த்து, கதவோரம் நின்றவளைக் கண்டுபிடித்தார்.

"அதை என் வீட்டுக்காரம்மாவைத்தான் கேக்கணும்" என்றார். "எங்க வீட்டு மூக்கு இப்ப அவங்கதான்."

எல்லாத் தலையும் திரும்பியது. அடுப்புக்கு முன்னால் இருபத்திரண்டு வருஷம் நின்றும் சிவக்காத முகம் சிவந்துபோயிற்று.

மறுநாள் காலை பால் மறுபடி அடிப்பிடித்தது. அவள் கிளாஸை நீட்டினாள். அவர் வாங்கி, பழக்கதோஷத்தில் மோந்து பார்த்தார். அருமை என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டார். கிளாஸை அவள் பக்கம் திருப்பினார்.

"நீயே சொல்லு. எப்படி இருக்கு?"

"கருகியிருக்கு" என்றாள் அவள்.

"எழுதிக்கட்டுமா?"

"எழுதிக்குங்க" என்று சிரித்தாள். அவர் ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தார்.